தோற்றவருக்கு ராத்திரித் தறி

விடியற்காலை நாலு மணி... இல்லை, அதற்கும் கொஞ்சம் முன்னால். ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்கு வருகிற ரோடு. ஒரு பக்கம் ஏரிக்கரை, இன்னொரு பக்கம் ஆள் உயரத்துக்குக் கரும்பு. பஸ் கிடையாது. நாய்கூடக் கிடையாது. அந்த ரோட்டில் சேட்டு என்கிறவர் பைக்கில் தூங்கிக்கொண்டே வந்தார்.

ஆமாம், தூங்கிக்கொண்டேதான். கண் திறந்துதான் இருந்திருக்கும். கை ஆக்ஸிலேட்டரில்தான் இருந்திருக்கும். ஆள் மட்டும் உள்ளே இல்லை. அந்தத் தூக்கம் நமக்குத் தெரியாதா என்ன? தினமும் இதே ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குகிறவர்கள்தானே நாமெல்லாம். ஏரிக்கரை வளைவில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, பின்னால் விளக்கு இல்லாமல் நின்றிருந்தது. சேட்டு பிரேக் போட்ட அடையாளமே ரோட்டில் இல்லையாம்.

மோனிகா, தேவிப்பிரியா, அந்த ஃபோனைக் கொஞ்சம் அணையுங்கள். சார்ஜாவது மிஞ்சட்டும். கரண்ட் வராமல் இந்த வண்டி நகரப்போவதில்லை. அரக்கோணம் தாண்டி வயலுக்கு நடுவே நிற்கிறோம், ஃபேன் இல்லை, லைட் இல்லை, கொசு மட்டும் டிக்கெட் வாங்காமல் ஏறிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஃபோனை நடுவில் படுக்க வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் கட்டைவிரலை வைத்துப் பந்து தட்டுகிறீர்களே... டிக்... டிக்... அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. அதனால்தான் சொல்கிறேன்.

"பேய்க் கதையாக்கா?" என்கிறாள் மோனிகா. கேட்டுவிட்டு நீயே சொல்லு. என்னோடு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்த கனிமொழியின் வீட்டில் நடந்தது. அவளே என்னிடம் சொன்னாள். நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கனிமொழியின் வீட்டுக்காரர் சந்திரமோகன். அவருடைய தங்கை துர்கா. துர்காவின் புருஷன்தான் நான் சொன்ன சேட்டு. இரண்டு வீடும் திருத்தணிப் பக்கம் ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்துத் தெரு. சந்திரமோகன் பகலில் திருத்தணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குவார். சேட்டு, கரும்பு வெட்டு, நாற்று, எது கிடைக்கிறதோ அது. இது போதாதென்று ராத்திரியில் ஒரு வேலை. ஆர்.கே.பேட்டைப் பக்கம் பக்தவச்சலம் என்று ஒருவர் வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு விசைத்தறி வைத்திருக்கிறார். பகலில் அவர் குடும்பமே ஓட்டும். ராத்திரிக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஒரு ஆள், ஒருநாள் சந்திரமோகன், ஒருநாள் சேட்டு.

பேச்சு அப்படித்தான். ஆனால் சேட்டுக்கு ஃபோன் கேம் என்றால் உயிர். கிரிக்கெட், கேரம், பாம்பு, செங்கல் உடைக்கிறது, கார் ஓட்டுகிறது, எல்லாம் வைத்திருந்தார். தறிக் கொட்டகையில் தூக்கம் வராமல் இருக்க ஆட ஆரம்பித்தாராம். அதில் பழைய காலத்து ஆட்டம் ஒன்று. கறுப்புத் திரை. இந்த முனையில் ஒரு வெள்ளைப் பட்டை, அந்த முனையில் ஒரு வெள்ளைப் பட்டை, நடுவில் புள்ளி மாதிரி ஒரு பந்து. எதிரும் புதிருமாக உட்கார்ந்து தட்ட வேண்டும். விட்டவன் தோற்றான். முறை வைத்து ராத்திரி வேலைக்குப் போவதில் என்ன சுவாரஸ்யம் என்று, தினமும் பொழுது சாய்ந்ததும் துர்கா வீட்டு வாசற்படியில் ஃபோனைப் படுக்க வைத்து ஒரு ஆட்டம் ஆடுவார்கள். தோற்றவர் தறிக்குப் போக வேண்டும். ஜெயித்தவர் வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

ஜெயித்தவர் தோற்றவரைப் பார்த்து ஒன்று சொல்லுவார். "போய்ட்டு வா மாப்ள" என்பார் சந்திரமோகன். சேட்டு ஜெயித்தால் தன் மச்சானைப் பார்த்து, "போய்ட்டு வா பாவா, நான் உனக்கும் சேத்துத் தூங்கறேன்" என்பார். துர்கா உள்ளேயிருந்து சிரிப்பாள். இத்தனைதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. ஊர் உலகத்தில் என்னென்னவோ பந்தயம் கட்டுகிறார்கள், இவர்கள் கட்டினது ஒரு ராத்திரித் தூக்கம்.

சேட்டு செத்ததற்கு முந்தின சாயங்காலமும் ஆடினார்கள். சேட்டு தோற்றார். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம். சாயங்காலம் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்களே, அதுபோல இலை போட்டுக் கறிக்குழம்பு, அவித்த முட்டை, முறுக்கு, பீடிக்கட்டு, ஒரு குவார்ட்டர், எல்லாம் வைத்தாகிவிட்டது. துர்கா உள்ளே போய் அந்த ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தாள். டிராக்டரில் மோதியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை, ஓரத்தில் ஒரு கீறல்தான். சார்ஜ் போட்டு வைத்திருந்தாள்.

"அவருக்கு இத உட இன்னா புடிக்கும்?" என்று சொல்லி, அந்தப் பந்து ஆட்டத்தைத் திறந்து, படத்துக்கு முன்னால் படுக்க வைத்தாள். ஒரு முனை படத்தைப் பார்த்து. இன்னொரு முனை இலையைப் பார்த்து.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பீடி வைக்கலாம், பிராந்தி வைக்கலாம், ஃபோன் வைக்கக் கூடாதென்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? கற்பூரம் ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். செத்தவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று விடுகிற நேரம் அது. யாரும் பேச மாட்டார்கள். சாம்பிராணி வாசனை கதவு இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

உள்ளே... டிக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிக்.

"பல்லி" என்றார் யாரோ. பல்லியாம்.

கதவைத் திறந்தார்கள். கும்பிட்டார்கள். காக்காய்க்கு எடுத்து வைத்துவிட்டு, வந்தவர்கள் எல்லோரும் வெளியே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். சந்திரமோகன் மட்டும் உள்ளே போனார், ஃபோனை அணைத்து வைக்கலாமென்று. திரையைப் பார்த்தார். படத்தின் பக்கம் ஜெயித்திருந்தது. கீழே, மறுபடி ஆடலாமா என்று கேட்டு ஒரு கட்டம்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அணைத்திருப்பீர்கள். அவரும் அதற்குத்தான் போனார். ஆனால் எத்தனை வருஷத்துப் பழக்கம்... கட்டைவிரல் தானாகப் போய் அந்தக் கட்டத்தை அமுக்கிவிட்டது. பந்து வந்தது, தட்டினார். எதிர்ப் பட்டை நகர்ந்து திருப்பித் தட்டியது. ஃபோனே தன்னால் ஆடுகிறது போலிருக்கிறது, அப்படி ஒரு வசதி இருக்குமென்று நினைத்துக்கொண்டார். காரிய வேலையில் பதினாறு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, பாதி மயக்கம் அவருக்கு. ஆடிக்கொண்டே இருந்தார். ஜெயித்தார்.

ஜெயித்ததும் வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. "போய்ட்டு வா மாப்ள."

சாவு வீட்டில் நாம் அப்படிச் சொல்லுவோமா? துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்பும்போதுகூட "வரேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். சத்தமில்லாமல் எழுந்து போவோம். போனவர்களை வா என்று கூப்பிடக் கூடாது, சின்னக் குழந்தைக்கும் தெரியும். இந்த மனுஷன் படையலுக்கு முன்னால் உட்கார்ந்து, படத்தைப் பார்த்து, போய்விட்டு வா என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

அன்றைக்கு ராத்திரி அவர் தறிக்குப் போயாக வேண்டும். பக்தவச்சலம் அதுவரைக்கும்தான் லீவு கொடுத்திருந்தார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் தினமும் நீயே ஓட்டு என்றும் சொல்லிவிட்டார். விட்டால் அந்த இடத்துக்குக் காத்திருக்க ஆள் இருக்கிறது. இனிமேல் துர்காவையும் இவர்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் கண்ணை மூடிவிட்டுக் கிளம்பலாமென்று துர்கா வீட்டுப் பந்தலிலேயே தலையைச் சாய்த்தார்.

முழித்துப் பார்த்தால் வெளிச்சம் வந்துவிட்டது.

வேலை போச்சு என்று அடித்துப் பிடித்துக்கொண்டு ஆர்.கே.பேட்டைக்கு ஓடினார். பக்தவச்சலம் பல் விளக்கிக்கொண்டு நின்றிருந்தார். திட்டப் போகிறார் என்று இவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, அவர் சொன்னார்: "இன்னாப்பா, காரியம் முடிச்ச கையோட வந்து ராத்திரி பூரா ஓட்டிகினு இருந்தியே. வீட்டுக்குப் போனவன் எதுக்குத் திரும்பி வந்த? போய்ப் படு."

சந்திரமோகன் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். கஞ்சி வாடை, தறி எண்ணெய் வாடை. நெய்த கைலித் துணி உருளையில் வழக்கம்போலச் சுற்றியிருந்தது. ராத்திரி வேலைக்காரருக்கு அந்த வீட்டம்மா ஃபிளாஸ்க்கில் டீ வைப்பது வழக்கம். ஃபிளாஸ்க் காலி. டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"ஐயோ, போதும்க்கா" என்கிறாள் தேவிப்பிரியா. நீ என் பக்கம் தள்ளி உட்கார். இனிமேல்தான் இருக்கிறது.

சந்திரமோகன் யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்லுவார்? அடுத்த நாள் ஃபோனைத் தொடவே இல்லை, தானே தறிக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும். பகலில் மூட்டை, ராத்திரி தறி. ஒரு வாரம் தாங்கினார். ஒருநாள் விடியற்காலையில் திரும்பி வரும்போது, அதே ஏரிக்கரை வளைவு... சில்லென்று ஏதோ முகத்தில் பட்டதும் கண் திறந்திருக்கிறது. பைக் ரோட்டை விட்டு இறங்கி, ஏரிக்குள் பாதி போய், சேற்றில் நின்றுகொண்டிருந்தது. இவர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டிருந்தார். எப்போது தூங்கினார், எப்போது இறங்கினார், தெரியாது.

முழங்கால் வரைக்கும் சேறோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக் கனிமொழி தலையிலடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது? எங்க உழுந்த?"

அவர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார். படையல், ஆட்டம், காலி ஃபிளாஸ்க், எல்லாம்.

கனிமொழி அதை என்னிடம் சொன்னபோது நான் கேட்டேன், கேட்டதும் உனக்குப் பயமாக இல்லையா என்று. "பயமா இருந்துச்சுக்கா" என்றாள். "ஆனா அவர் கால்ல இருந்த சேத்தப் பாத்தா அத உடப் பயமா இருந்துச்சு." தாலியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். புருஷன் ராத்திரி தூங்க வேண்டும். தூங்கினால்தான் உயிரோடு இருப்பார். அவ்வளவு சின்ன ஆசை, அதற்குக்கூட வழி இல்லாமல் இருந்தது.

அதனால் கனிமொழிதான் சொல்லியிருக்கிறாள். "போய் ஆடு. சேட்டண்ணன் உயிரோட இருந்தப்ப உனக்கு இன்னா கெடுதி பண்ணாரு? ஜெயிச்சுட்டு வந்து படு."

நீங்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கி எழுகிறவர்களுக்குத்தான் அது கூடாது, இது கூடாது என்று சொல்ல முடியும். மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுகிற நாம் அதைச் சொல்லக் கூடாது.

அன்றைக்குச் சாயங்காலம் சந்திரமோகன் துர்கா வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காருகிறேன் என்றார். துர்காவுக்கு அது சந்தோஷம். அண்ணன் மறக்கவில்லையே என்று விளக்கைத் தூண்டிவிட்டு, ஃபோனையும் எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். டிக்... டிக்... டிக். அவர் ஜெயித்தார். சொல்ல வேண்டியதைச் சத்தமில்லாமல் சொன்னார். வீட்டுக்கு வந்து படுத்தார்.

காலையில் தறிக்குப் போனால் துணி ஓடியிருந்தது.

இப்படியே ஓடியது. கார்த்திகை போய், மார்கழி வந்து, ஊருக்கு ஊர் பஜனைக்காரர்கள் படிப் பூசைக்குத் திருத்தணி மலைக்குக் கிளம்புகிற காலம்கூட வந்துவிட்டது. தினமும் ஒரு ஆட்டம். ஒருநாள்கூட இவர் தோற்கவில்லை. ராத்திரியெல்லாம் தூக்கம். முகத்தில் ரத்தம் வந்தது, பேச்சு வந்தது. கனிமொழியும் அப்போது இந்தப் பெட்டியில் சிரித்துக்கொண்டு வருவாள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மனுஷனுக்கு எதுவும் பழகிவிடும். பயமும் பழகிவிடும்.

துர்காவுக்குத்தான் எதுவும் தெரியாது. அண்ணன் படத்துக்கு முன்னால் ஆடிவிட்டு நேராகத் தறிக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ராத்திரி நல்ல பனி. துர்காவுக்குக் காய்ச்சல். தைலம் கேட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வாசலில் அண்ணனுடைய பைக்கைப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தால் அண்ணன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்.

"அண்ணி, இவுரு இங்க தூங்கறாரு. அங்க யாரு தறி ஓட்டறாங்க?"

சத்தம் கேட்டு எழுந்த சந்திரமோகன் தங்கை முகத்தைப் பார்த்துவிட்டுப் பொய் சொல்ல முடியாமல் சொல்லிவிட்டார். துர்கா கத்தவில்லை. "என்னக் கூட்டிகினு போ" என்றாள். காய்ச்சலோடு பைக்கில் உட்கார்ந்துகொண்டாள்.

கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளியே வண்டியை நிறுத்திவிட்டார்கள். தூரத்திலிருந்தே கேட்டது. சடக்... சடக்... சடக்... பக்தவச்சலம் வீட்டில் விளக்கெல்லாம் அணைந்திருந்தது. கொட்டகையில் மட்டும் டியூப் லைட். இரண்டு பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்கள்.

தறி ஓடுகிறது. ஆள் இல்லை.

பஞ்சுத் தூசி வெளிச்சத்தில் பறந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் பறக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நின்றது. தோள் இருக்க வேண்டிய உயரத்தில்.

நூல் ஒன்று அறுந்தது. தறி நின்றது. அறுந்த இரண்டு நுனியும் மெதுவாக மேலே எழுந்தன. ஒன்றை ஒன்று தேடின. முடிச்சு முதல் தடவை விழவில்லை. இரண்டாம் தடவையும் விழவில்லை. தூக்கக் கலக்கத்தில் முடிந்தால் எப்படியோ, அப்படி. அப்புறம் விழுந்தது. அந்த அமைதியில் ஒரு பெருமூச்சு கேட்டதாம். கோபமாகவெல்லாம் இல்லை. நாம் கடைசி வண்டியைப் பிடித்து உட்கார்ந்ததும் விடுவோமே, அது. மறுபடி சடக்... சடக்...

சந்திரமோகனுக்கு வேட்டி நனையாதது ஒன்றுதான் பாக்கி. துர்காவுக்குப் பயமே வரவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் சொன்னாள்.

"உயிரோட இருக்கறப்பதான் அவருக்குத் தூக்கம் இல்ல. தூக்கம் இல்லாமத்தான் செத்தாரு. செத்தப்புறமும் உனக்காக ஓட்டிகினு இருக்காரு. நீ போத்திகினு தூங்கறியே, உனக்கே இது நல்லா இருக்காண்ணா?"

இவர் பைக்கை ஸ்டாண்டு போட்டார். துர்காவே மேலே சொன்னாள்.

"நாளைக்குத் தோத்துடு. அவரு போதும்னு படுக்கட்டும்."

தோற்றால் யார் போக வேண்டும் என்று கனிமொழிக்குத் தெரியும். அந்த ரோடு தெரியும், அந்த வளைவு தெரியும். ஆனால் புருஷனை இழந்தவள் கேட்கிறாள், எதிரே நின்று வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒரு ராத்திரிதானே, சேட்டண்ணன் அடங்கிவிட்டால் வேறு ஆளைத் தேடச் சொல்லலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். என்னிடம் சொல்லும்போது, "அப்பவே கால்ல உழுந்தாவது தடுத்திருக்கணும்க்கா" என்றாள். தடுத்திருக்கலாம். யாரால் முடியும்?

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கனிமொழி அன்றைக்கு வேலைக்கு வரவில்லை, உடம்பு சரியில்லை என்று எனக்கு ஃபோன் செய்திருந்தாள். அவள் தன் கண்ணால் பார்த்தது இது. பந்து வந்தது. சந்திரமோகன் தட்டினார், எதிர்ப்பக்கம் தட்டியது. அப்புறம் சந்திரமோகன் கட்டைவிரலை எடுத்துவிட்டார்.

பந்து இவர் பக்கம் விழுந்தது. ஒரு புள்ளி. அடுத்த பந்து வரும்போதும் விரலை எடுத்தார். எதிர்ப் பட்டை அசையாமல் நின்றது. பிறகு இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் நகர்ந்தது, ஏன் ஆட மாட்டேன் என்கிறாய் என்று கேட்கிற மாதிரி. கனிமொழி சொன்னாள், அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்ததாம். பாவா தூங்கட்டும் என்று அந்தப் பட்டையும் ஒதுங்கி ஒதுங்கி நின்று பார்த்தது. இவர் பக்கம் வந்த பந்தைத் தொடவே ஆள் இல்லை என்றால் அது எத்தனை நேரம் ஒதுங்கும்? படத்தின் பக்கம் ஜெயித்துவிட்டது.

சந்திரமோகன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "நீ தூங்கு மாப்ள. நான் போய்ட்டு வரேன்" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு ராத்திரி கனிமொழி கண்ணை மூடவில்லை. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்தாள். விடிவதற்கு முன்னால் குளித்துவிட்டு, ரயிலுக்குப் போகிற வழியில் துர்கா வீட்டு முனையில் போய் நின்றாள். அந்த வழியாகத்தானே அவர் வர வேண்டும். வந்தார். முழுசாக வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். பைக்கை நிறுத்தத் தெம்பில்லாமல் அதன்மேலேயே சாய்ந்துகொண்டார். கனிமொழி மலை இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தொலைந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

துர்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள். காய்ச்சல் இருந்த அடையாளமே முகத்தில் இல்லை. கதவைச் சத்தம் வராமல் பின்னால் சாத்தினாள்.

"என்னாம்மா, தூங்கினியா?" என்றார் சந்திரமோகன்.

"மெதுவாப் பேசுண்ணா" என்றாள். "இப்பத்தான் அசந்தாரு."

இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. துர்காதான் விளக்கினாள், குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி. "ஜெயிச்சா வீட்டுக்குத் தானண்ணா வருவாரு?"

நாம் யாரும் இதை யோசிக்கவில்லை, பாருங்கள். தோற்றவர் தறிக்குப் போவார் என்பதையே பிடித்துக்கொண்டிருந்தோம். ஜெயித்தவர் எங்கே போவார் என்று யாராவது யோசித்தோமா?

துர்கா முந்தானையிலிருந்து அந்த ஃபோனை எடுத்தாள். சார்ஜ் முழுசாக இருந்தது. அண்ணன் கையைப் பிடித்து அதில் வைத்தாள். "அண்ணா... இன்னைக்கும் தோத்துடறியா?"

கேட்டது அவருடைய ஒரே தங்கை. அவர் சரி என்றார்.

அன்றிலிருந்து தினமும் சரி. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி பக்தவச்சலத்திடம் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். ஆட்டம் நின்றால் அவர் வருவது நின்றுவிடும் என்று துர்கா காலில் விழுகிறாளாம். கனிமொழி வார்டு வேலையை விட்டுவிட்டாள். ராத்திரி அவரோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு போகிறாள், விடியற்காலை கூடவே வருகிறாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாளாம். பேச விஷயம் தீர்ந்துவிட்டால், ஏரிக்கரை வந்ததும் அவர் தோளைக் கிள்ளிக்கொண்டே இருப்பாளாம். அவர் பாதியாக இளைத்துவிட்டார். எப்படியாவது ஒருநாள் ஜெயித்துவிடு, ஒரே ஒரு ராத்திரி தூங்கிவிடு என்று இவள் ஒரு பக்கம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பார்க்கிறேன் என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் அவளாகவே ஃபோன் செய்தாள். அழுது தீர்த்தவர்கள் பேசுகிற மாதிரி பேசினாள். எப்படி இருக்கிறாய், அவர் எப்படி இருக்கிறார் என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"துர்கா முழுகாம இருக்காக்கா" என்றாள். "இனிமே இவுரு ஜெயிக்கவே முடியாது."